வாயில்லா ஜீவன்களின் வான் பயணம்



திருப்பூரில் வளரும் பிள்ளைகளிடம் லைகா என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முதலில் நினைப்பது ஒரு நூலைத்தான். பனியன் துணி இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்க வேண்டும் என்பதற்காகப் பருத்தி நூலோடு சேர்த்துப் பின்னுகிறார்களே, அந்த லைக்ரா! எங்கள் மதரஸாவின் மாலை வகுப்பில் நான் இப்பெயரைச் சொன்னபோதும், "லைக்ராவா ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவன் கேட்க, வகுப்பே சிரித்தது. அது ஒரு நாயின் பெயர், இந்தப் பூமியை முதன்முதலாகச் சுற்றி வந்த உயிர் அதுதான் என்று சொன்னதும் சிரிப்பு அடங்கியது. கேள்விகள் பிறந்தன. திரும்பி வந்ததா? திரும்பாது என்று தெரிந்தேவா அனுப்பினார்கள்? நம் நாடும் இப்படி அனுப்பியதுண்டா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்வது எளிது. மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று ஒரு சொல்லில் விடை கூறி நகர்ந்துவிடலாம்தான். மனிதப் பயணத்துக்கு முன்னோட்டமாக இந்தியா ஒரு நாயையோ குரங்கையோ ராக்கெட்டில் ஏற்றியதில்லை. ஆயினும் பிற நாட்டார் ஏற்றிய குரங்குகளின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தால், அது நம் நாட்டுக் காடுகளிலும் நம் நாட்டு ஏற்றுமதிக் கணக்குகளிலும் வந்து நிற்கிறது. ஆகவேதான் இம்மாதப் பக்கங்களை இதற்கென்றே ஒதுக்கினேன்.

லைகாவின் கதையை முதலில் முடித்து விடுவோம். 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை அனுப்பி உலகையே திகைக்க வைத்தது. ரஷ்யப் புரட்சியின் 40ஆம் ஆண்டு விழா நவம்பர் 7ஆம் தேதி வரவிருந்தது. அதற்குள் இன்னொரு அதிசயம் நிகழ வேண்டும் என்று தலைவர் குருஷேவ் விரும்பினார். கையிலிருந்தது ஒரு மாதம் கூட இல்லை. மேலே அனுப்பும் வழி தெரிந்திருந்ததே தவிர, பத்திரமாகக் கீழே இறக்கும் வழி அன்று அவர்களிடம் இல்லை. மாஸ்கோ நகரத் தெருவில் திரிந்த, ஏறத்தாழ 6 கிலோ எடையுள்ள ஒரு பெண் நாயைப் பிடித்துப் பழக்கினர். குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியவை என்பதால் தெரு நாய்களையே அவர்கள் தேர்ந்தெடுப்பது வழக்கம். பயணத்துக்கு முன்னர் மருத்துவ விஞ்ஞானி விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி அந்த நாயைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று தம் பிள்ளைகளோடு விளையாட விட்டாராம். சாகப் போகும் ஜீவனுக்கு ஏதாவது ஒரு நன்மை செய்ய வேண்டும் என்று அவருடைய மனம் தவித்திருக்கிறது.

நவம்பர் 3ஆம் நாள் கஜகஸ்தானிலுள்ள பைக்கனூர் தளத்திலிருந்து ராக்கெட் கிளம்பியது. லைகா பல நாட்கள் உயிரோடு இருந்ததாகவும், பின்னர் வேதனையின்றி இறந்ததாகவும் சோவியத் அரசு சொல்லி வந்தது. உலகமும் அதையே பாடப் புத்தகங்களில் எழுதி வைத்தது. 45 ஆண்டுகள் கழித்து 2002ஆம் ஆண்டில்தான் மலாஷென்கோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி உண்மையை வெளியிட்டார். கலத்தினுள் உஷ்ணம் கட்டுக்கடங்காமல் ஏறியதால், புறப்பட்ட சில மணி நேரத்திலேயே லைகா இறந்து விட்டது. அதன் உடலைச் சுமந்துகொண்டு அக்கலம் ஐந்து மாதங்களுக்கு மேல் பூமியைச் சுற்றிவிட்டு, 1958 ஏப்ரல் 14 அன்று காற்று மண்டலத்தில் எரிந்து போனது. அப்பணியில் முக்கியப் பங்கு கொண்ட ஓலெக் கஸென்கோ என்ற விஞ்ஞானி, 1998ஆம் ஆண்டில் தம் வருத்தத்தை வெளிப்படையாகவே கூறினார். அந்த நாயின் சாவுக்கு ஈடாகும் அளவுக்கு அப்பயணத்தில் தாங்கள் எதையும் கற்றுக் கொள்ளவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம்.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக் கொண்டிருந்த நாய்க்குத் தம் காலணியில் நீர் மொண்டு புகட்டியவரின் செய்தியும், பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் செய்தியும் நம் வீட்டுக் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். உயிருள்ள ஒன்றை அம்பெய்து பழகும் குறியாக நிறுத்தலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததும் நாம் அறிந்ததே. அதே வேளையில், மனித உயிரைக் காக்கும் அவசியம் என்று வரும்போது மார்க்க அறிஞர்கள் கதவை முற்றாக அடைத்து விடவுமில்லை. தேவை மெய்யானதா, அந்தத் துன்பம் தவிர்க்க முடியாததா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆதலால் எல்லாப் பயணத்தையும் கொடுமை என்று ஒரே மூச்சில் தள்ளிவிடுவதும் நியாயமன்று; விஞ்ஞானம் என்ற பெயர் இருப்பதாலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதும் நியாயமன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்றைய விஞ்ஞானிகளின் முன் நின்ற ஐயங்கள் அற்பமானவை அல்ல. எடையற்ற நிலையில் மிதக்கும்போது இதயம் இரத்தத்தைச் சரியாக இறைக்குமா? வாயிலிட்ட உணவு தொண்டைக்குள் இறங்குமா? ராக்கெட் சீறிக் கிளம்பும் போது நெஞ்சின் மீது விழும் பாரத்தில் மூச்சு நின்று விடுமா? காற்று மண்டலத்துக்கு வெளியே பாயும் கதிர்கள் உடலை என்ன செய்யும்? இவற்றுக்குப் பூமியில் இருந்தபடியே விடை காண வழியில்லை. விமானத்தைக் குப்புறப் பாய்ச்சினால் சில வினாடிகளுக்கு மட்டும் எடையற்ற நிலை கிட்டும், அவ்வளவுதான். மனிதனை அனுப்பிப் பார்த்துவிடலாம் என்று எந்த வைத்தியரும் சொல்லத் துணியவில்லை.

முதலில் போனவை பழ ஈக்கள். வீட்டில் வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்த இனம்தான். 1947 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பாலைவனத்திலிருந்து அவை ஏவப்பட்டன. ஜெர்மானியர்கள் லண்டன் நகரத்தின் மீது வீசுவதற்குச் செய்த வி-2 ராக்கெட்டுகளைப் போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் அள்ளிக் கொண்டு போயிருந்தனர். அவற்றுள் ஒன்றில்தான் இந்த ஈக்கள் 109 கிலோமீட்டர் உயரம் சென்று உயிரோடு திரும்பின.

அடுத்து வந்தது குரங்குகளின் முறை. ஆல்பர்ட் என்று பெயரிட்ட ஒரு ரீசஸ் குரங்கை 1948 ஜூன் 11 அன்று அனுப்பினர். அது பிழைக்கவில்லை. 1949 ஜூன் 14 அன்று இரண்டாம் ஆல்பர்ட் 134 கிலோமீட்டர் உயரம் சென்றது. விண்வெளியை எட்டிய முதல் குரங்கு அதுவே. மேலே போனபோதும் மிதந்தபோதும் அதன் இதயம் ஒழுங்காகத் துடித்ததாகக் கருவிகள் காட்டின. இறங்கும்போது பாராசூட் பழுதாகி, தரையில் மோதி அது இறந்தது. மூன்றாம் ஆல்பர்ட்டின் ராக்கெட் நடுவானில் வெடித்தது. நான்காம் ஆல்பர்ட் சென்றபோது மறுபடியும் பாராசூட் கை கொடுக்கவில்லை. 1951ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பத்துப் பதினொரு சுண்டெலிகளுடன் சென்ற ஒரு குரங்கு உயிரோடு தரையிறங்கியது. ஆனால் மீட்பதற்கு ஆட்கள் வந்து சேரும்வரை பாலைவன வெயிலில் கலத்துக்குள் கிடந்து, இரண்டு மணி நேரத்தில் அதுவும் மாண்டது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். நம்மூரில் ஓர் ஆர்டர் கைக்கு வந்தால் முழுச் சரக்கையும் தைத்துவிட்டா அனுப்புகிறார்கள்? முதலில் சாம்பிள் தைக்கிறார்கள். அதைத் துவைத்துச் சுருக்கம் பார்க்கிறார்கள், சாயம் போகிறதா என்று தேய்க்கிறார்கள், கிழியும்வரை இழுக்கிறார்கள். சாம்பிள் தேறிய பிறகே கட்டிங் மேசையில் துணி விரிகிறது. பாராசூட் விரியுமா, விரியாதா என்பதும் அத்தகைய சோதனைதான். அதை அறிய ஒரு மணல் மூட்டை போதுமே! குரங்கின் இதயம் எப்படித் துடிக்கும் என்று கேட்டால் குரங்கு வேண்டும், ஒப்புக் கொள்வோம். கயிறும் துணியும் தேறாத நிலையில் மீண்டும் மீண்டும் உயிரைக் கட்டி அனுப்பியதை என் மனம் ஏற்கவில்லை. அதே 1951ஆம் ஆண்டில், ஜூலை 22 அன்று, சோவியத் நாட்டார் தேஸிக், ஸிகான் என்ற இரு நாய்களைச் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி உயிரோடு இறக்கினர். ஒரு வாரத்தில் தேஸிக்கை மறுபடியும் ஏற்றினார்கள். அம்முறை பாராசூட் விரியவில்லை. எஞ்சிய ஸிகானைப் பிளகோன்ராவோவ் என்ற மூத்த விஞ்ஞானி தம் வீட்டுக்குக் கொண்டு போய் வளர்த்தார்.

இந்த ரீசஸ் குரங்கு நம் திருமூர்த்தி மலைப் பாதையில் வாழைப்பழம் பிடுங்கும் குரங்கன்று. அது தென்னாட்டுக்கே உரிய, தலையில் குல்லாய் கவிழ்த்தது போல் முடியுள்ள வேறோர் இனம். ரீசஸ் வடநாட்டுக் குரங்கு. ஆக்ரா, மதுரா, வாரணாசி ஆகிய ஊர்களில் கூரை தாவுகிறவை அவைதாம். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஆர்.எச். பாஸிட்டிவ் என்று எழுதுகிறார்களே, அந்த இரண்டெழுத்து இக்குரங்கின் பெயரிலிருந்து வந்ததுதான். 1940ஆம் ஆண்டு வாக்கில் இரத்த ஆராய்ச்சி செய்தபோது ஒட்டிக் கொண்ட பெயர் அது. 1950களில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் அடைபட்டிருந்த ரீசஸ் குரங்குகளில் மிகப் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் போனவை. அப்பதாண்டின் உச்சத்தில் ஓராண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளை நம் நாடு ஏற்றுமதி செய்தது.

எதற்காக அத்தனை குரங்குகள்? இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து செய்வதற்காக. டாக்டர் ஜோனஸ் சால்க் 1955ஆம் ஆண்டு உலகுக்கு அளித்த மருந்து, ரீசஸ் குரங்கின் சிறுநீரகத் திசுவில் கிருமியை வளர்த்துச் செய்யப்பட்டது. நம் பனியன் கம்பெனிகளின் செக்கிங் மேசைகளில் அமர்ந்திருக்கும் நடுவயது கடந்தவர்களைக் கவனித்தீர்களானால், ஒரு கால் சூம்பிப் போனவர்கள் சிலரேனும் கண்ணில் படுவார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளிடையே அந்தக் காட்சி இல்லை. இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் கண்டது 2011ஆம் ஆண்டு ஜனவரியில். 2014 மார்ச் 27 அன்று நம் பகுதி போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அக்குரங்குகளுக்கு நம் குழந்தைகள் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதினால் அது நேர்மையாகாது.

ஆனால் ஒரு வேலைக்கு என்று வாங்கிய சரக்கு வேறொரு வேலைக்குப் போவது வியாபாரத்தில் புதிதல்லவே! 1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டில்லியிலிருந்து நியூயார்க் செல்லும் வழியில் லண்டன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 400 குரங்குகள் காற்றோட்டமின்றி மூச்சடைத்து இறந்தன. நாட்டில் கொதிப்பு எழுந்தது. இந்திய அரசு ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தி, மருத்துவ ஆராய்ச்சிக்கும் தடுப்பு மருந்துக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன் மீண்டும் திறந்தது. அந்த நிபந்தனையின் நிழல் ராக்கெட் தளம் வரை நீண்டது. 1959 மே 28 அன்று ஏபிள், பேக்கர் என்ற இரு குரங்குகளை அமெரிக்க ராணுவம் அனுப்பியது. ஏபிளின் இடத்துக்கு முதலில் தேர்வாகியிருந்தது இந்தியாவில் பிறந்த ஒரு ரீசஸ். இந்தியர்களின் உணர்வு புண்படக் கூடும் என்று மேலிடத்தில் கருதியதால் அதை விலக்கிவிட்டு, அமெரிக்க மண்ணிலேயே பிறந்த ஒன்றைத் தேடினர். கான்சாஸ் மாநிலத்து மிருகக்காட்சி சாலையில் பிறந்த ஏபிள் அப்படித்தான் வந்து சேர்ந்தது. இயல்பான எடையைப் போல் 38 மடங்கு பாரத்தைத் தாங்கிக் கொண்டு இரண்டும் உயிரோடு திரும்பின. நான்காம் நாள், உடம்பில் பதித்திருந்த மின்முனையை எடுப்பதற்கு மயக்க மருந்து கொடுத்தபோது ஏபிள் இறந்து போனது. பெரு நாட்டுச் சிறு குரங்கான பேக்கர் 1984ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது.

ஏற்றுமதி முற்றாக நின்றது 1978 ஏப்ரல் முதல் தேதி, மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் நியூட்ரான் குண்டின் கதிர்வீச்சு என்ன செய்யும் என்று அறிவதற்கு ரீசஸ் குரங்குகளைப் பயன்படுத்திய செய்தி வெளியானதே அதற்குக் காரணம். கதிர்பட்ட குரங்குகளைச் சக்கரத்தில் ஓட வைத்து, எத்தனை நேரத்தில் செயலிழக்கின்றன என்று அளந்திருக்கிறார்கள். நோய் தீர்க்கும் மருந்துக்கு என்று போன ஜீவன், ஆளைக் கொல்லும் குண்டுக்குச் சாட்சியாகியிருக்கிறது!

அமெரிக்கர்கள் மனிதனை அனுப்பும் கட்டத்துக்கு வந்தபோது சிம்பன்ஸிகளைத் தேர்ந்தெடுத்தனர். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் பிடிபட்ட ஒன்றை 1961 ஜனவரி 31 அன்று அனுப்பினர். ஹாம் என்று உலகம் அதை அழைத்தாலும், புறப்படும் வரை அதற்கு எண் மட்டுமே இருந்தது. பெயருள்ள பிராணி இறந்தால் பத்திரிகைகள் சும்மா விடாது என்று அஞ்சினராம். விளக்கு எரிந்ததும் நெம்புகோலை இழுக்க வேண்டும் என்பது ஹாமின் பணி. சரியாகச் செய்தால் வாழைப்பழ வில்லை கிடைக்கும். தவறினால் உள்ளங்காலில் மின்சார அதிர்ச்சி. திட்டமிட்டதற்கும் மேலே, 253 கிலோமீட்டர் உயரம் வரை போய்க் கடலில் விழுந்த ஹாம் உயிரோடு மீண்டது. கைகள் சொன்னபடி இயங்கும், மூளை மிதக்கும்போதும் வேலை செய்யும் என்று அதனால் தெரிந்தது. நான்கு மாதம் முடிவதற்குள், மே 5 அன்று, ஆலன் ஷெப்பர்ட் அதே வகைக் கலத்தில் ஏறினார். இதை வீண் பயணம் என்று நான் சொல்லமாட்டேன்.

அதே ஆண்டு நவம்பர் 29 அன்று சென்ற ஈனோஸ் என்ற சிம்பன்ஸியின் கதைதான் என்னை உறங்கவிடாதது. அது பூமியை இரண்டு முறை சுற்றியது. நடுவில் கருவியில் கோளாறு ஏற்பட்டு, சரியான நெம்புகோலை இழுத்தாலும் அதிர்ச்சி தாக்கத் தொடங்கியது. ஈனோஸ் என்ன செய்தது தெரியுமா? பழக்கிய முறையை விடாமல், அதிர்ச்சியை வாங்கிக் கொண்டே, சரியான நெம்புகோலையே இழுத்துக் கொண்டிருந்தது. பீஸ் ரேட்டில் தைக்கும் நம் சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினில் தையல் விட்டுப் போனதற்கு டெய்லர் கூலியில் பிடித்தம் செய்யும் கணக்கு அவர்களுக்குப் பழக்கமானதுதான். மூன்று மாதத்துக்குள் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்து வீரரானார். ஈனோஸ் மறு ஆண்டு நவம்பரில் வயிற்றுக் கடுப்பு நோயால் மாண்டது.

ஒரு பூனையும் போயிற்று. அதன் கதை நடந்தது முஸ்லிம் மண்ணில். அல்ஜீரியா 132 ஆண்டுகாலப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1962ஆம் ஆண்டு விடுதலை பெற்றது; எனினும் ஒப்பந்தப்படி சஹாராவிலுள்ள ஹம்மாகிர் ஏவுதளம் 1967 வரை பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. அங்கிருந்து 1963 அக்டோபர் 18 அன்று ஃபெலிசெத் என்ற பெண் பூனையை மூளையில் மின்முனைகள் பதித்து, 157 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினர். பத்திரமாகத் திரும்பிய அதனைச் சில மாதங்களில் மூளையை அறுத்துப் பார்ப்பதற்காகக் கொன்றனர். 2019ஆம் ஆண்டில் பிரான்ஸின் ஸ்டிராஸ்பூர்க் நகரில் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

ஃபெலிசெத் பறந்த அடுத்த மாதம், நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்கர்கள் கொடுத்தது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரெஞ்சுக்காரர்களுடையது. அதை ஒன்றிணைக்கும் பொறுப்பும் பாதுகாப்புப் பொறுப்பும் ஏற்றிருந்தவர் இராமேஸ்வரம் மரைக்காயர் குடும்பத்தில் பிறந்த 32 வயது இளைஞர் அப்துல் கலாம். பளு தூக்கியில் எண்ணெய் கசிந்து அது செயலிழக்கவே, ஆட்கள் கூடித் தங்கள் தோள்வலிமையால் ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றினர் என்று அவர் தம் அக்னிச் சிறகுகள் நூலில் எழுதியிருக்கிறார். அந்த ராக்கெட்டில் உயிர் ஏதும் இல்லை. விக்ரம் சாராபாய் வகுத்த பாதையில் வானிலை, தகவல் தொடர்பு, நிலவளம் ஆகியவையே நம் தேவைகளாயிருந்தன. மனிதனை ஏற்றும் போட்டியில் நாம் அன்று இறங்கவில்லை.

அந்த ஆண்டில்தான் கலாம் அமெரிக்காவில் பயிற்சி பெற்றார். வர்ஜீனியா கடற்கரையை ஒட்டிய வாலப்ஸ் தீவு தளத்தின் வரவேற்புக் கூடத்தில், திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயர் மீது ராக்கெட் வீசும் ஓவியம் மாட்டியிருக்கக் கண்டு அவர் பூரித்தார். திப்பு என்றால் நம் கொங்கு நாட்டையும் சேர்த்து ஆண்டவரல்லவா! கலாம் கால் வைத்த அதே தீவிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு முன், 1959 டிசம்பர் 4 அன்று, சாம் என்ற ரீசஸ் குரங்கு சுமார் 85 கிலோமீட்டர் உயரம் வரை சென்று திரும்பியிருந்தது. 1960 ஜனவரி 21 அன்று அதன் துணை, மிஸ் சாம், அங்கிருந்தே சென்றது.

மிஸ் சாம் எதற்காகச் சென்றது என்பதை மனத்தில் வையுங்கள். ராக்கெட் கிளம்பும் வேளையில் ஏதேனும் விபரீதம் நேர்ந்தால், மனிதர் அமர்ந்திருக்கும் கலத்தை மட்டும் தனியே பிய்த்துக் கொண்டு தூரமாய்ப் பறந்து காப்பாற்றும் சிறிய ராக்கெட் ஒன்று உச்சியில் இருக்கும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் மிஸ் சாமைக் கட்டி அனுப்பினர். அது வேலை செய்தது. ஆனால் அந்த வெடிப்பின் அதிர்ச்சியில் மிஸ் சாம் சுமார் அரை நிமிடம் திகைத்துப் போய்ப் பழக்கிய வேலையைச் செய்ய முடியாமல் இருந்தது. மனிதன் இருந்தாலும் அப்படித் திகைத்துப் போகலாம் என்ற பாடம் அதிலிருந்து கிடைத்தது.

மனிதன் பறந்து அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் குரங்கை அனுப்புவதில் என்ன புதிதாய்த் தெரிந்துவிடும்? ஈரான் 2013ஆம் ஆண்டில் இரு முறை குரங்குகளை அனுப்பியதாக அறிவித்தது. முதல் முறை வெளியான படங்களில், போவதற்கு முன் இருந்த குரங்கும் திரும்பி வந்த குரங்கும் வேறு வேறாகத் தெரிய, தவறான படத்தை வெளியிட்டு விட்டோம் என்று அந்நாட்டு அதிகாரிகள் விளக்கம் தர நேர்ந்தது. தடைகளுக்கு இடையிலும் சொந்தமாய் ராக்கெட் செய்த நாட்டுக்கு இந்தச் சங்கடம் தேவையற்றது. இதயமும் தொண்டையும் மூளையும் மேலே என்ன செய்யும் என்பதை நூற்றுக்கணக்கான மனிதர்களே போய் வந்து சொல்லிவிட்டார்கள். நம் ராகேஷ் சர்மா 1984ஆம் ஆண்டிலேயே எட்டு நாட்கள் அங்கிருந்தார். 2025 ஜூன், ஜூலை மாதங்களில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கி வந்தார். அவருடைய ஆய்வுகளில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத நீர்க்கரடி என்னும் நுண்ணுயிரைப் பற்றியது.

சொந்த ராக்கெட்டில் மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்தை இந்தியா 2018ஆம் ஆண்டில் அறிவித்தபோது, விலங்குகளை ஏற்றுவதில்லை என்ற முடிவோடுதான் இஸ்ரோ பணியைத் தொடங்கியது. அதற்குப் பதிலாக வியோமித்ரா என்ற பெண்ணுருவ இயந்திரத்தை 2020 ஜனவரியில் பெங்களூரில் காட்டினர். இடுப்புக்குக் கீழே கால்கள் இல்லாத பாதி உருவம் அது. கலத்தினுள் காற்றழுத்தம், பிராணவாயு, உஷ்ணம், குலுக்கல் ஆகியவற்றை அளந்து சொல்வதும், பொத்தான்களை அழுத்துவதும் அதன் வேலை. இதுவும் முற்றிலும் புதிய யோசனையன்று. யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12 அன்று போவதற்கு முந்தைய மாதம், சோவியத் நாட்டார் ஒரு நாயோடு கூட மனித பொம்மை ஒன்றையும் இரண்டு முறை அனுப்பிப் பார்த்தார்கள். அன்று பொம்மையால் பேச முடியாது, அளக்க முடியாது. இன்று முடிகிறது. கூடவே பழ ஈக்களை அனுப்புவதற்குத் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் ஆய்வுப் பெட்டி செய்திருக்கிறது. வானில் சிறுநீரகக் கல் உண்டாவது எப்படி என்று அறியும் ஆராய்ச்சி அது. அவ்விடையை இயந்திரத்தால் தர இயலாது.

மிஸ் சாம் போன அதே சோதனையை இஸ்ரோவும் நடத்தியாக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 21 அன்று காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் கடைசி ஐந்து வினாடிகளில் கணினி தானாகவே ஏவுதலை நிறுத்தியது. பழுதைக் கண்டு சரிசெய்து 10 மணிக்கு ஏவினர். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் தப்பிக்கும் ராக்கெட் கலத்தைப் பிய்த்துக் கொண்டு பறந்தது, பாராசூட்டுகள் விரிந்தன, கரையிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலில் கலம் இறங்கியது. கடற்படையினர் படகில் நெருங்கியபோது அது அலையில் தலைகீழாய்க் கவிழ்ந்து கிடந்தது. முக்குளிப்போர் கட்டி இழுத்து, கப்பலில் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தனர். உள்ளே அளவு கருவிகள் மட்டுமே இருந்தன.